இடது கண்ணில் ஒரு ஜன்னல்

தேவகுமாரின் தாடையைப் பிடித்து ஓர் இம்மி வலப்பக்கம் திருப்பினாள் ஜெஸ்மி.

"ஆடாத. மூச்சு விடாத."

"மூச்சு விடாம இருந்தா இந்தப் படம் சபை டைரக்டரிக்கு ஆவாது பிள்ளே. செத்த வீட்டு ஃபிளெக்ஸுக்குத்தான் ஆவும்."

"வாய மூடு."

பளிச்! ஃபிளாஷ் வெடித்து அடங்கியது. கேமராவின் முதுகில் வந்த படத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. பதினேழாவது முறை. பதினேழாவது தோல்வி.

சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்து என்றது. மதியம் இரண்டு மணிக்கு டைரக்டரியின் முதல் தொகுதிப் பக்கங்கள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அதற்குள் தோஹாவில் இருக்கும் புருஷனை மார்த்தாண்டத்துக்கு, இந்த முதல் மாடி ஸ்டுடியோவுக்குக் கொண்டு வந்து, தன் பக்கத்தில் நிறுத்தியாக வேண்டும்.

மந்திரம் ஒன்றுமில்லை. இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் குடும்பத் தலைவர் குடும்பப் படத்தில் மட்டும்தான் குடும்பத்தோடு நிற்பார். ஆள் மஸ்கட்டிலோ தம்மாமிலோ இருப்பார். அங்கிருந்து அவர் படம் வரும். மனைவியையும் பிள்ளைகளையும் இங்கே எடுத்து, நடுவில் அவரைச் சொருகுவார்கள். ஒட்டுப் படம் என்று பெயர். திருச்சபையின் நூற்றைம்பதாம் ஆண்டுக்காக நானூற்றுச் சொச்சம் குடும்பங்களின் படத்தோடு டைரக்டரி போடுகிறார்கள். அதில் நூறு குடும்பமாவது ஒட்டாகத்தான் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். புருஷனுக்கு இடப்பக்கத்திலிருந்து வெயில், பெண்டாட்டிக்கு வலப்பக்கத்திலிருந்து. ஒரே படத்தில் இரண்டு சூரியன்.

ஜெஸ்மியின் படத்தில் ஒரு சூரியன்தான் இருக்க வேண்டும். அதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

காரணம் இருந்தது. லிஜோ இரண்டு கிறிஸ்துமஸுக்கு ஊர் வரவில்லை. எட்டு மாதமாக வீடியோ காலும் கிடையாது. கம்பெனியில் தடுத்துவிட்டார்களாம், குரல் மட்டும்தான். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவள் காதுபடவே கேட்டார்கள்: "லிஜோ இருக்கியானா, இல்ல அங்க எவளையாவது சேத்துக்கிட்டானா?" அந்த வாய்களை மூட அவளிடம் இருந்தது இந்த ஒரு பக்கம். யாரும் ஒட்டென்று சொல்ல முடியாத படம். அவனும் அவளும் ஒரே வெளிச்சத்தில்.

ஷாஜனும் அதையேதான் பரீட்சையாக வைத்திருந்தான். ஸ்டுடியோ அவனுடையது. வயதில் அவளைவிட மூன்று வருடம்தான் மூப்பு. லிஜோவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். "உனக்க படத்த நீயே செய். ஒட்டுன்னு எனக்கே தெரியாம செஞ்சியானா, மிச்சமுள்ள குடும்பம் பூரா நீதான் எடுப்ப" என்றிருந்தான்.

பதினான்கு மாதத்துக்கு முன் பில் எழுத வந்தவள் ஜெஸ்மி. விளக்குகள் அவளைப் பிடித்துக்கொண்டன. மெயின் லைட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் கன்னம் ஒட்டுகிறது, தாழ்த்தினால் பேய் முகம் வருகிறது. ஒரு வெள்ளைத் தெர்மாகோலைப் பக்கத்தில் பிடித்தால் பத்து வயது குறைகிறது. வீட்டில் உப்புக் கிண்ணத்தில் முட்டையை நிறுத்தி, டார்ச் அடித்துப் பழகினாள். பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரியின் முகத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள். "மொகத்த எல்லாவனும் பாப்பான். நீ மூக்குக்க நிழலப் பாரு" என்பது ஷாஜனின் முதல் பாடம். அதைப் பிடித்துக்கொண்டு இப்போது நாளிதழில் எந்தப் படத்தைக் காட்டினாலும், எத்தனை விளக்கு, எங்கே நின்றது என்று சொல்லிவிடுவாள்.

லிஜோவின் படத்தையும் அப்படித்தான் படித்தாள். வலப்பக்கம் ஒரே ஒரு ஜன்னல். முகத்தின் வலப்பாதி வெளிச்சம், இடப்பாதி நல்ல நிழல். இரண்டு கண்களிலும் ஜன்னல் பிரதிபலித்த வெள்ளைப் புள்ளி. ரொம்பச் சுலபம் என்றுதான் நினைத்தாள். ஆல்பம் செய்கிற தேவகுமாரைக் கம்ப்யூட்டரை விட்டு எழுப்பி, லிஜோ இடத்தில் உட்கார்த்தினாள். அவன் முகத்தில் அதே வெளிச்சத்தைக் கொண்டு வந்துவிட்டால், பிறகு அந்த வெளிச்சத்தில் அவளே போய் நிற்க வேண்டியதுதான்.

வரவில்லை.

விளக்கை முன்னால் இழுத்தால் தேவகுமாரின் இரண்டு கண்ணிலும் புள்ளி வந்தது. ஆனால் இடக்கன்னத்து நிழல் ஓடிப்போனது. விளக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் நிழல் அச்சு அசலாக வந்தது. இடது கண் செத்துப்போனது. மூக்கு குறுக்கே நிற்கிறது. அந்தக் கண்ணுக்கு ஜன்னலே தெரியாது. தெரியாத ஜன்னல் எப்படிக் கண்ணில் விழும்?

"எனக்க மூக்கு பெருசா இருக்கும்" என்றான் தேவகுமார். "லிஜோவுக்கு சப்ப மூக்கா?"

"உன்ன விட நீளமாக்கும்."

"அப்ப அவனுக்க கண்ணு நண்டுக் கண்ணாட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அப்போது ஷாஜன் படியேறி வந்தான். கருங்கல் ஊரில் ஒரு ஞானஸ்நானம். லென்ஸ் எடுக்க வந்திருந்தான்.

"இன்னும் முடியல்லியா?"

"அண்ணா, இந்த இடது கண்ணு ஒத்து வரல்ல. நிழலு இவ்வளவு இருந்தா கண்ணுல புள்ளி வராது. எங்ஙன வந்துச்சு?"

"ஜன்னல் வெளிச்சம் வேற, ஃபிளாஷ் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாத." பையின் ஜிப்பை இழுத்தான். "மத்ததெல்லாம் ஒத்து வருதில்லா? போதும். நீ போய் நில்லு, எடு, ஒட்டி அனுப்பு. ரெண்டு மணி."

போய்விட்டான்.

ஜெஸ்மி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். லிஜோவின் இடது கண்ணைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள்.

செல்போன் படம்தான். ஆனாலும் நசுங்காமல் வரட்டும் என்று லிஜோவை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லியிருந்தாள். அதனால் கண்மணிக்குள் இருப்பதுவரை தெரிந்தது. செங்குத்துக் கம்பிகள் வைத்த ஜன்னல். அதை ஒட்டி, கையை உயர்த்தி நிற்கும் ஒரு நிழலுருவம். படம் எடுத்த ஆள். நீளமான கூந்தல் ஒரு தோள் வழியாக முன்னால் கிடந்தது.

பெண்.

வலது கண்ணுக்குப் போனாள். அங்கேயும் அதே ஜன்னல், அதே பெண். அதே இடத்தில். வலது கண்ணின் வெள்ளையில் ஒரு ரத்த நரம்பு வேர் போலக் கிளைவிட்டிருந்தது. இடது கண்ணிலும் அதே நரம்பு, அதே கிளை.

"தேவா, இஞ்ச வா."

குனிந்து பார்த்த தேவகுமாருக்குப் பகடி வற்றிவிட்டது. "ஒரு கண்ண நகல் எடுத்து மத்ததுல வச்சிருக்கு."

"நீயா?"

"அய்யோ! ஆல்பத்துல பூ ஒட்டுவேன், அருவி ஒட்டுவேன். கண்ணு வைக்கியதுக்கு எனக்குத் தெரியாது, சத்தியமா. இது நல்லா சோலி தெரிஞ்ச கையி."

ஜெஸ்மி நிறத்தை ஏற்றினாள். சட்டை சிவந்தது, உதடு சிவந்தது. இடக்கன்னத்து நிழலில் நிறமே இல்லை; யாரோ கழுவியிருந்தார்கள். முழுசாகக் கழுவவில்லை. காதோரத்தில், கழுத்து மடிப்பில், பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை மிச்சமிருந்தது.

அந்தப் பச்சையை அவளுக்குத் தெரியும். போன மாதம் திருவட்டாறு பக்கம் ஒரு கல்யாணப் பெண்ணை ரப்பர் மரத்தடியில் நிறுத்தி எடுத்தார்கள். இலைகளில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் பெண்ணின் தாடையைத் தவளை நிறமாக்கிவிட்டது. அதைச் சரி செய்ய அவளுக்கு அரை நாள் பிடித்தது.

போனை எடுத்தாள். ஐந்தாவது மணியில் லிஜோ எடுத்தான்.

"என்ன ஜெஸ்மி, டூட்டி நேரத்துல?"

"நீங்க அனுப்பின படம் எங்க வச்சு எடுத்தது?"

"ரூம்ல."

"எத்தனாவது மாடி?"

"நாலு. எதுக்குக் கேக்கிய?"

"ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? மணலும் பில்டிங்கும்தான்."

"சரி. வைக்கியேன்."

மணலுக்கு நடுவில், நான்காவது மாடியில், ரப்பர் இலைப் பச்சை. ஜெஸ்மி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"ரெண்டு மணிக்குப் பக்கம் போணும் பிள்ளே! நான் என்ன சொல்லட்டு?" தேவகுமார் படிக்கட்டில் பாதி வரை வந்தான்.

அதற்குள் கீழே ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

குலசேகரம் சாலையில் தூறல் விழுந்தது. ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினாள். மனசு கேட்காமலேயே கணக்குப் போட்டது. படம் எடுத்த பெண் உயரமானவள். இடது கையில் போனைப் பிடித்திருக்கிறாள். மூன்றடி தூரத்தில் நின்றிருக்கிறாள். அந்த மூன்றடி நெருக்கம் குத்தியது. முன்பின் தெரியாதவள் ஒருத்தியின் முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் எவன் இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்பான்? ஐக்கிய சங்கத்துக்காரிகள் சொன்னது சரி. ஆனால் தோஹா இல்லை. அவர்கள் ஊரைத்தான் தப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

லிஜோவின் அப்பன் ராஜையனுக்குக் குலசேகரத்துக்குச் சற்றுத் தள்ளி வீடும் இரண்டு ஏக்கர் ரப்பரும்; லிஜோ போய் நிற்கக்கூடிய தோட்டம் அது ஒன்றுதான். அந்த வீட்டுப் படியை ஜெஸ்மி மிதித்து ஒரு வருடமாகிறது. ஆம்பிளைகள் நடுவில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிற மருமகள் தனக்கு வேண்டாம் என்று மாமனார் வெளிப்படையாகச் சொன்ன நாளோடு போக்குவரத்து நின்றிருந்தது.

முற்றத்தில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது ராஜையன் வெற்றிலையை வாயில் வைக்கப்போன கையோடு எழுந்தார்.

"நீ எதுக்காக்கும் வந்த?"

"உங்க மவன பாக்க."

"அவன் வெளிநாட்டுல இல்லா இருக்கியான்? புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"மாமா, வழி விடுங்க."

வாசலில் நாத்தி சபிதா வந்து நின்றாள். ஜனவரியில் அவளுக்குக் கல்யாணம், மணவாளக்குறிச்சி மாப்பிள்ளை. உயரமானவள். எண்ணெய் வைத்த கூந்தல் இடத்தோள் வழியாக முன்னால் கிடந்தது. அண்ணியைக் கண்டதும் அவள் கண் தானாக வீட்டுக்குப் பின்னால் ஓடித் திரும்பியது.

அது போதுமாக இருந்தது.

பின்பக்கம் ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகை. மரக்கம்பி வைத்த ஒரே ஒரு ஜன்னல். வெளியே இலைக்கூட்டம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. வரிசையாகத் தொங்கிய ஷீட்டுகளுக்கு நடுவே, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். கைலி. கையில்லா பனியன். பின்கழுத்து மச்சம்.

"தோஹாவுல நல்ல மழை போல" என்றாள் ஜெஸ்மி.

முதுகு விறைத்தது. அவன் மெதுவாகத் திரும்பினான். பாதிதான் திரும்பினான். வலப்பாதி வெளிச்சம், இடப்பாதி நிழல். படத்தில் இருந்த அதே முகம்.

"ஜெஸ்மி... நான் சொல்லணும்னுதான்..."

"இந்தப் பக்கம் திரும்புங்க."

"வேண்டாம்."

அவள் பக்கத்தில் போனாள். காலையிலிருந்து தேவகுமாரின் தாடையைப் பிடித்த அதே விரல்களால் அவன் தாடையைப் பிடித்தாள். ஜன்னலைப் பார்க்கத் திருப்பினாள்.

இடது கண் இருந்த இடத்தில் தையல் போட்டு மூடிய குழி. புருவத்திலிருந்து கன்னம் வரை ஒரு வெள்ளைத் தழும்பு.

கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. வேறொருத்தியைத் தேடி வந்தவளுக்கு ஒருத்தியும் இல்லை என்று தெரிந்தபோது வந்திருக்க வேண்டிய ஆறுதல் வரவே இல்லை.

"எப்ப?"

"ஜனவரி கடைசி. கட்டர் பிளேடு தெறிச்சுது. கண்ண எடுத்துட்டானுவ. பிப்ரவரியில வந்தேன்."

"எட்டு மாசம். இருபது நிமிசத் தூரத்துல."

"கம்பெனி தந்த நஷ்டஈட்டுல இருந்துதான் மாசா மாசம் உனக்குப் பணம்..."

"அத நான் கேட்டேனா? ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?"

லிஜோ ஒரு ஷீட்டின் ஓரத்தைப் பிடித்துத் தேவையில்லாமல் நேராக்கினான். "சபிதாவுக்க கல்யாணப் பேச்சு முடிஞ்ச சமயம். அண்ணன் வெளிநாட்டுலன்னு சொல்லித்தான் அவங்க வந்தது. கல்யாணம் முடிய மட்டும் மறைச்சு வைப்போம்னு அப்பா சொன்னாரு."

"ஊருக்கு மறைங்க. எனக்குமா?"

"நீ மொகத்துலயே காட்டிக் குடுத்துருவன்னு..." கொட்டகை வாசலில் நின்ற சபிதா சொன்னாள்.

"உனக்கிட்ட கேக்கல்ல."

லிஜோ முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். "அது மட்டும் இல்ல. ராத்திரி போன்ல நீ என்ன பேசுவ? இவளுக்க கன்னம் கோணல், அவனுக்க ஒரு கண்ணு சின்னது, விளக்க இப்படி வச்சு மறைச்சேன், அப்படி வச்சு மறைச்சேன்னு. பகல் பூரா அடுத்தவன் மூஞ்சியில குத்தம் பாக்கியது உனக்க சோலி. உனக்க முன்ன நான் இந்த மூஞ்சிய எங்ஙன கொண்டு வந்து காட்டுவேன்?"

ஜெஸ்மிக்குள் பதில் ஓடியது. குற்றம் பார்க்க இல்லை, மறைக்கத்தான் படித்தேன். மனிதர்களை அழகாகக் காட்டத்தான் படித்தேன். உன்னையும் அப்படியே நிறுத்தியிருப்பேன், கேட்டிருந்தால். ஆனால் இவன் கேட்கவில்லை. அப்பனை நம்பினான், தங்கையை நம்பினான், நிழலை நம்பினான். அவளை மட்டும் நம்பவில்லை.

"காலம்பற இருந்து உங்க மொகத்துக்கு வெளிச்சம் வச்சிட்டு இருந்தேன். ஒரு பொய்யி எனக்குத் தெரியாம எனக்க பக்கத்துல வந்து நிக்கியதுக்காக, பதினேழு தடவ விளக்கத் தள்ளித் தள்ளி வச்சேன். மாப்பிள்ள வீட்டுக்காரன் டைரக்டரியப் பாத்து, அண்ணன் வெளிநாட்டுல சுகமா இருக்கியான்னு நம்பணும். அதுக்குத்தானே?"

ராஜையன் பின்னால் வந்திருந்தார். குரல் தணிந்திருந்தது. "மக்களே, கெஞ்சிக் கேக்கியேன். ஜனவரி வரைக்கும். அந்தப் படத்த அனுப்பிரு. சபிதா குட்டிக்க வாழ்க்கையாக்கும்."

மக்களே. பெற்ற பிள்ளையை அழைக்கிற வார்த்தை; கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட அவர் வாயிலிருந்து அவளுக்கு வராதது.

போன் அதிர்ந்தது. தேவகுமார். ஒன்று நாற்பது. எடுக்கவில்லை.

"படம் எடுத்தது சபிதா. சரி" என்றாள் ஜெஸ்மி. "கண்ணு வச்சது ஆரு?"

தகரக் கூரையில் மழை வலுத்தது.

"பச்சையக் கழுவினது ஆரு? திருவனந்தபுரத்துல குடுத்தியளா? நாகர்கோவில்லயா? சொல்லுங்க. நல்லா சோலி தெரிஞ்ச கையி. எனக்க பக்கத்துல நிக்கப் போற ஆளுக்குக் கண்ணு வச்சவன் ஆருன்னு எனக்குத் தெரியணும்."

"விடு ஜெஸ்மி."

"சொன்னாதான் அனுப்புவேன்."

ராஜையன் மகனைப் பார்த்தார். லிஜோ அப்பனைப் பார்த்தான். கடைசியில் சபிதாதான் பொறுக்க முடியாமல் உடைந்தாள்.

"ஷாஜண்ணன்."

ஜெஸ்மிக்குச் சிரிப்பு வந்தது. அபத்தமான, நெஞ்சை அறுக்கும் சிரிப்பு. "அவரா? அவருதானே எனக்கு இத பரீட்சையா வச்சாரு? அவரே கண்ணையும் வச்சிட்டு, ஒட்டுற சோலிய எனக்கிட்ட ஏன் தரணும்? தேவாகிட்ட குடுத்திருந்தா அஞ்சு நிமிசத்துல ஒட்டிப் போட்டிருப்பானே?"

லிஜோ தலையைத் தூக்கவில்லை.

"அவன்தான் சொன்னான். இந்த ஜில்லாவுல வெளிச்சத்த உன்னப் போலப் பாக்கியதுக்கு இப்ப ஆளு இல்லையாம். அச்சில போறதுக்கு முன்ன உனக்கிட்ட குடுத்துப் பாப்போம்னான். உனக்க கண்ணுல இருந்து தப்பிச்சா, பின்ன எவன் கண்ணுலயும் மாட்டாதுன்னு."